கத்திக்கு முன்னால்: கழுத்துக் கட்டிக் குறிப்புகள்

கழுத்தில் கட்டி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நெறி கட்டியிருக்கும், அவ்வளவுதான். சொத்தைப் பல், தொண்டைப் புண், பேன் தலையைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்கடுத்து காசநோய். பெண்கள் என்றால் தைராய்டு. தருமபுரி மாவட்டத்தில் அரூரிலிருந்து வந்தாலும் பாலக்கோட்டிலிருந்து வந்தாலும் வரிசை இதுதான். இந்தக் கூட்டத்துக்குள் எப்போதாவது வேறொன்று கலந்து வந்துவிடும். நெறியும் இல்லை, தைராய்டும் இல்லை, எச்சில் சுரப்பியும் இல்லை. தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய், நார் என்று கழுத்தை நிரப்பியிருக்கும் மெத்தென்ற சதையில் எங்கோ ஓரிடத்தில் முளைத்தது. மென்திசுக் கட்டி.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இந்தக் குடும்பத்துக்கு நூறு பெயருக்கு மேல் இருக்கிறது. பெரும்பாலானவை சாது. சார்கோமா எனப்படும் கெட்ட வகை, பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுக்குப் பக்கம்தான். அதிலும் கழுத்துக்கும் தலைக்கும் வருவது சுமார் பத்தில் ஒரு பங்கு. ஒரு சர்ஜன் தன் வாழ்நாளில் கழுத்துச் சார்கோமா ஒன்றிரண்டு பார்த்தால் அதிகம். அதனால்தான் அது கண்ணுக்குத் தப்புகிறது. பார்த்துப் பழகாததை யாரும் தேடுவதில்லை.

*

நோயியல் ஆய்வகத்தில் நான் கட்டியை முதலில் சந்திப்பது பாட்டிலில். நோயாளி முகம் தெரியாது.

வாய் குறுகின பாட்டிலில் சதையைப் போட்டு அனுப்புவது இன்னும் நிற்கவில்லை. உள்ளே போகும்போது மெத்தென்று வழுக்கிக்கொண்டு போய்விடும். ஃபார்மலினில் ஒரு ராத்திரி கிடந்தால் இறுகிவிடும், வெளியே வராது. டெக்னீஷியன் பாட்டிலைத் துணியில் சுற்றி உடைப்பார். உடைந்த கண்ணாடிக்கு நடுவிலிருந்து எடுத்த துண்டில் எது வெட்டு விளிம்பு, எது நாங்கள் கிழித்தது என்று பிறகு பஞ்சாயத்து.

அதைவிட மோசம் சலைன். ஆபரேஷன் தியேட்டரில் ஃபார்மலின் தீர்ந்திருக்கும். கைக்குக் கிடைத்த குளுக்கோஸ் பாட்டில் தண்ணீரையோ சலைனையோ ஊற்றி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் வரும்போது செல்கள் தம்மைத் தாமே கரைத்துக்கொண்டிருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆவி மாதிரி உருவங்கள், உட்கரு இல்லை. நோயாளிக்குக் கழுத்தில் தழும்பு மிச்சம். நோய் என்னவென்ற பதில் இல்லை. சதையின் அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும், வாயகன்ற டப்பா வேண்டும், பெயர் மூடியில் அல்ல, டப்பாவின் உடம்பில் எழுத வேண்டும். மூடிகள் மாறும். டப்பா மாறாது. 1893-இல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மானியர் ஃபார்மலின் திசுவைக் கெடாமல் நிறுத்தும் என்று கண்டுபிடித்ததிலிருந்து இந்தச் சங்கதியில் பெரிய மாற்றம் எதுவுமில்லை. கிடைப்பதும் கஷ்டமில்லை. ஆனாலும் தீர்ந்துபோயிருக்கும்.

கூட வரும் சீட்டில் 'நெக் ஸ்வெல்லிங்' என்ற இரண்டு வார்த்தை. வயது இருக்காது, எந்தப் பக்கம் என்று இருக்காது, எத்தனை நாளாக என்று இருக்காது. இருந்தால் 'எலுமிச்சை அளவு' என்றிருக்கும். பாப்பிரெட்டிப்பட்டி சந்தையில் எலுமிச்சை எத்தனை தினுசில் விற்கிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும்.

*

எத்தனை நாளாக என்பது ஏன் முக்கியம்?

நாடுலர் ஃபேசியைட்டிஸ் என்று ஒன்று. இளவயதுக்காரர்களுக்கு வரும். ரெண்டு மூணு வாரத்தில் விறுவிறுவென்று வளரும். ஆனாலும் பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் எக்கச்சக்கமாகப் பிளந்து பெருகிக்கொண்டிருக்கும். எந்தப் புது டாக்டருக்கும் சார்கோமா என்றுதான் தோன்றும். 1955-இல் கான்வாலர், கீஸ்பி, கேப்லன் என்ற மூவர் இதைத் தனியாகப் பிரித்து எழுதும்வரை உலகம் பூராவும் அப்படித்தான் தோன்றியது. எத்தனை பேருக்கு வேண்டாத பெரிய ஆபரேஷன் நடந்ததோ. 2011-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதற்குள் யுஎஸ்பி6 என்ற மரபணு இடம் மாறி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதாவது இது வெறும் வீக்கமில்லை, கட்டிதான். ஆனால் தானாக வந்து தானாக அடங்கிப்போகிற கட்டி. சும்மா விட்டாலே பல சமயம் கரைந்துவிடும்.

சீட்டில் 'மூன்று வாரமாக' என்று ஒரு வார்த்தை இருந்தால் எனக்கு மணி அடிக்கும். இல்லையென்றால் ஸ்லைடும் நானும் தனியாக.

*

பென்னாகரம் பக்கத்து ஆயா ஒருத்தி, வீட்டுக்காரருக்காக வந்தவள்.

"ஊசி போட்டுப் பாக்கணும்ங்கறாங்க டாக்டரம்மா. கத்தி பட்டா பரவிடுமாமே."

"யாரு ஆயா சொன்னாங்க?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. எங்க ஊர்ல ஒருத்தருக்கு அப்டித்தான், சும்மா இருந்தது, அறுத்தாங்க, ஆறு மாசத்துல போய்ட்டாரு."

ஆயா சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியாது. பாதி தப்பு, பாதி சரி. மெல்லிய ஊசியால் நாலு செல் உறிஞ்சிப் பார்ப்பதால் நோய் பரவும் என்பது தப்பு. அந்த ஊசி ரத்தம் எடுக்கிற ஊசியைவிட மெல்லியது. ஆனால் சார்கோமாவை 'சாதாரண கொழுப்புக் கட்டி' என்று நினைத்து மரத்துப்போக ஊசி போட்டு, குறுக்கே கீறி, துண்டு துண்டாக நோண்டி எடுத்தால், செல்கள் அந்தக் காயம் முழுக்கச் சிந்தும். பிறகு வருகிற சர்ஜன் கட்டியை மட்டுமல்ல, முந்தைய சர்ஜன் கை பட்ட இடம் மொத்தத்தையும் எடுக்க வேண்டியிருக்கும். தொடையில் என்றால் எடுக்கச் சதை இருக்கிறது. கழுத்தில் எங்கே போவது? ஒரு பக்கம் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய், ஒரு பக்கம் குரல் நரம்பு, நடுவில் மூச்சுக்குழாய். ஆக ஆயா ஊர்க்காரர் செத்தது அறுத்ததால் இல்லாமல் இருக்கலாம், என்னவென்று பார்க்காமல் அறுத்ததால் இருக்கலாம். அவளிடம் இவ்வளவும் சொன்னேன். ஊசிக்கு ஒத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரருக்கு இருந்தது காசநோய் நெறி.

*

காசநோய் என்றதும் ஒன்று. கழுத்தில் கட்டி, கொஞ்சம் மெலிந்திருக்கிறார், ஊர் தருமபுரி; ஆரம்பி ஆறு மாத மருந்தை. இந்தக் குறுக்குவழி அநேக நேரம் சரியாகவே முடிவதால்தான் ஆபத்தானது. ஊசியில் வந்ததை சிபிநாட் மெஷினில் போட்டால் காசநோய்க் கிருமியையும், முக்கிய மருந்து ஒன்றுக்கு அது மசியுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். அந்தப் பரிசோதனைக்கு அரசுத் திட்டத்தில் காசில்லை. அதைச் செய்யாமல் மாத்திரை கொடுத்து, ரெண்டாம் மாதமும் கட்டி வளர்கிறது என்றால் மாத்திரையை மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது நோயின் பெயராக இருக்கலாம்.

*

இனி கை.

தாடை எலும்பு வளையும் இடத்துக்குக் கீழே, காது மடலுக்கு நேராகக் கொஞ்சம் இறங்கினால், மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ரெண்டாகப் பிரியும் கவட்டி இருக்கிறது. அந்தக் கவட்டியில் அரிசிமணி அளவில் கரோட்டிட் பாடி என்ற ஓர் உறுப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மோப்பம் பிடிப்பது அதன் வேலை. அதில் கட்டி வந்தால் பல வருஷம் வலியில்லாமல் மெதுவாக வளரும். விரல்களுக்கிடையில் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் அசையும். மேலும் கீழும் தள்ளினால் நகராது, ஏனென்றால் குழாயோடு ஒட்டிக் கிடக்கிறது. கை வைத்தால் துடிப்பு தெரியலாம். ஸ்டெத் வைத்தால் இரைச்சல் கேட்கலாம். காசில்லாத பரிசோதனை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடியும். இதற்கு எந்த மெஷினும் வேண்டாம். நோயாளி கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இப்போதெல்லாம் தொடுவதற்கு முன்பே ஸ்கேன் சீட்டு எழுதிவிடுகிறார்கள்.

வேகஸ் நரம்பில் வரும் கட்டியும் இதே மாதிரி பக்கவாட்டில் மட்டும் அசையும். அழுத்தினால் சிலருக்கு இருமல் வரும். ரெண்டையும் பிரிக்க டாப்ளர் அல்ட்ராசவுண்ட் போதும். கரோட்டிட் பாடிக் கட்டி ரத்தத்தால் நிறைந்திருக்கும், திரையில் தீபாவளிதான். ரெண்டு குழாய்களையும் விலக்கித் தள்ளிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கும். இதில் போய் யாராவது சதைத் துண்டு எடுக்கக் கத்தி வைத்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. ஸ்கேனிலேயே பெயர் சொல்லிவிடலாம், பயாப்ஸி கேட்காத கட்டிகளில் இது ஒன்று. ரத்தக்குழாய் சர்ஜன் இருக்கும் ஊருக்குத்தான் அனுப்ப வேண்டும். 1971-இல் ஷாம்ப்ளின் குழுவினர் குழாயை எவ்வளவு தழுவியிருக்கிறது என்பதை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள். இன்றும் சர்ஜன்கள் அந்தக் கணக்கில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

ஆண்டிஸ் மலையில் 2000 மீட்டருக்கு மேல் தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு இந்தக் கட்டி கூடுதலாக வருகிறது. காற்றில் ஆக்சிஜன் குறைவு, அந்தச் சின்ன உறுப்புக்கு ஓயாத வேலை. நம் சித்தேரியும் வத்தல்மலையும் அந்த உயரத்தில் ஏறக்குறைய பாதிதான், மலைக்காரர்கள் பயப்பட வேண்டாம்.

பயப்பட இன்னொரு காரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டு எஸ்டிஹெச்டி என்ற மரபணுவில் இதன் வேர் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மரபணுக் கோளாறு அப்பா, அம்மா யாரிடமிருந்தும் பிள்ளைக்கு வரலாம், ஆனால் கட்டி பெரும்பாலும் அப்பாவிடமிருந்து வந்தால்தான் முளைக்கும். அம்மா வழியாக வந்தால் ஒரு தலைமுறை சும்மா கிடக்கும். மகன் வழியாகப் பேரப்பிள்ளைக்கு மறுபடி எழலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "உங்க அப்பாவுக்கோ, அத்தை, சித்தப்பா, பெரியப்பாவுக்கோ கழுத்துல கட்டி இருந்துச்சா?" நம் ஆட்களுக்கு ரேஷன் கார்டில் இருப்பது மறந்தாலும் சொந்தக்காரர் உடம்புக் கதை மறக்காது. கேட்டால் சொல்வார்கள்.

*

பிறந்து மூணு வாரக் குழந்தை. கழுத்தின் ஒரு பக்கம் கெட்டியாக ஒரு கட்டி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தாய் அழுது வீங்கிய முகத்தோடு, கூட மாமியார், மாமியார் கையில் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்ட துணி. "யாரோ கண்ணு வச்சிட்டாங்க."

பிரசவம் எப்படி என்று கேட்டால் பாதி விஷயம் அங்கேயே கிடைத்துவிடும். கால் முன்னால் வந்த குழந்தை, அல்லது இழுத்து எடுத்த குழந்தை. காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் கழுத்துத் தசைக்குள் நார் கட்டியிருக்கிறது. ஃபைப்ரோமடோசிஸ் கோலி. அல்ட்ராசவுண்டில் தசை நீளவாக்கில் பருத்துத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஊசியில் எடுத்துப் பார்க்கலாம், ஆபரேஷன் வேண்டாம். கழுத்தை மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்பிவிடும் பயிற்சி, பால் கொடுக்கும்போது எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்ற யோசனை, பொறுமை. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் சரியாகும். சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், பிஞ்சுத் தோல் வெந்துபோகும். எருக்கம்பால், சூடு போடுதல் எல்லாமும் அதே கணக்கில்தான். தழும்பு விழுந்தபிறகு தோல் கட்டியோடு ஒட்டியிருப்பது நோயாலா வைத்தியத்தாலா என்று கண்டுபிடிக்க முடியாது.

குழந்தைக்குக் கட்டி என்றாலே இதுதான் என்று இருந்துவிடவும் முடியாது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குத் தலை, கழுத்துப் பகுதியில் ராப்டோமயோசார்கோமா வரும், தசைச் செல்லிலிருந்து பிறக்கும் கெட்ட கட்டி. அதற்குக் கத்தியை விடக் கீமோவுக்குத்தான் முதல் வேலை. என்னவென்று தெரிவதற்கு முன்பே அறுத்துவிட்டால் அந்த வரிசையே குலைந்துபோகும்.

*

இன்று ஒரு ஷ்வானோமா ஸ்லைடு. நரம்பைச் சுற்றியிருக்கும் உறையில் வருவது. ஓரிடத்தில் செல்கள் நெருக்கமாக, இன்னோரிடத்தில் தளர்வாக. 1920-இல் நில்ஸ் ஆன்டனி என்ற ஸ்வீடன்காரர் இவற்றுக்கு ஏ, பி என்று பெயர் வைத்தார். ஏ பகுதியில் உட்கருக்கள் வரிசை கட்டி நிற்கும், நடுவில் வெறும் இடம், எதிரே இன்னொரு வரிசை: நடவு முடிந்த வயலை வரப்பில் நின்று பார்த்தால் தெரிவது மாதிரியே. இதை ஆன்டனிக்குப் பத்து வருஷம் முன்பே வெரோகாய் என்பவர் வரைந்து வைத்திருந்தார். எஸ்-100 சாயம் போட்டால் மொத்தமும் பழுப்பாக ஏறும். புற்று இல்லை. ஆனால் சர்ஜனுக்கு ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும்: எந்த நரம்பு என்று பார்த்து எடுங்கள். வேகஸ் என்றால் குரல் கரகரக்கும். சிம்பதெட்டிக் நரம்பு என்றால் அந்தப் பக்கத்து இமை தாழ்ந்து, கண்பாப்பா சுருங்கி நிற்கும். நோயாளியிடம் இதை முன்னாலேயே சொன்னால் விளக்கம், பிறகு சொன்னால் சமாளிப்பு.

*

பிடரிக் கட்டிகள் தனி ரகம். நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட ஆண், பின்கழுத்தில் தோலுக்கடியில் அசையும் கட்டி, வருஷக்கணக்காக அப்படியே. "மூட்டை தூக்கித் தூக்கி வந்தது" என்பார்கள். ஸ்பிண்டில் செல் லிப்போமா. 1975-இல் என்ஸிங்கரும் ஹார்வியும் எழுதினார்கள். எடுத்தால் போச்சு, திரும்பி வராது. இதற்குள் கொழுப்பு குறைவாகவும் நீளச் செல்கள் அதிகமாகவும் இருந்தால் சார்கோமா என்று மயங்க இடமுண்டு. சிடி-34 சாயமும், பிடரி என்ற முகவரியும் சேர்ந்து காப்பாற்றும்.

கழுத்தைச் சுற்றிக் காலர் வைத்த மாதிரி ரெண்டு பக்கமும் கொழுப்பு ஏறிக்கிடப்பது வேறு. 1888-இல் மேடலுங் இதைத் தொகுத்து எழுதினார். பெரும்பாலும் பல வருஷம் குடித்த ஆண்கள். எடுத்தாலும் மறுபடி ஏறும். டாஸ்மாக் கதையை இங்கே இழுக்கவில்லை.

*

கிமுரா நோய் எங்கள் பக்கத்தில் தப்பிப்போவதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. ஆசிய இளைஞர்களுக்கு, காதோரமும் கழுத்திலும் வலியில்லாத வீக்கம். ரத்தத்தில் இயோசினோஃபில் எகிறியிருக்கும். 1948-இல் ஜப்பானில் கிமுரா எழுதியதால் அந்தப் பெயர். புற்று இல்லை, ஆனால் சிறுநீரகத்தைச் சில பேருக்குத் தொடும், அதனால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் இயோசினோஃபில் கூடினால் அது செய்தியே இல்லை. குடற்புழு என்று அல்பெண்டசோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். துப்பு அங்கேயே முடிந்துபோகும்.

*

ஒரே ஒரு விதியை மட்டும் சுவரில் ஒட்டலாம் என்றால் இதை ஒட்டுவேன்: ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், அல்லது ஆழத்தில், அல்லது வளர்ந்துகொண்டிருக்கிறது, ஏதாவது ஒன்று இருந்தால் உள்ளூரில் கத்தி வேண்டாம். முதலில் எம்ஆர்ஐ, அதைப் பார்த்தபின் தடித்த ஊசியில் சதைத் துண்டு. ஊசி போகும் பாதையும் பின்னால் ஆபரேஷன் செய்யப்போகிறவர் கீறும் கோட்டில் இருக்க வேண்டும், அப்போதுதான் அதையும் சேர்த்து எடுக்கலாம்.

அளவுகோல் ஒன்று போதும். பத்து ரூபாய் பிளாஸ்டிக் ஸ்கேல்.

உள்ளூரில் வேண்டாம் என்றால் எந்த ஊரில்? தருமபுரியில் 2008-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பாதி வேலை இங்கேயே முடியும். சேலம் 65 கிலோமீட்டர் சொச்சம். பெங்களூரு 130, அங்கே கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. வேலூரில் சிஎம்சி. சென்னை 300 கிலோமீட்டர். அடையாறில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய நிலையம். தருமபுரிக்காரருக்குத் தூரம் பெரிய தடை இல்லை. நாலு வழிச்சாலை வந்தபின் எல்லாம் பக்கம்தான். கூட வருகிறவரின் கூலி போவதுதான் தடை. காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் அடங்கும். முதல் மூன்று தடவை சும்மா போய்வரும் பஸ் காசும் சாப்பாடும் அடங்காது. மூன்றாவது தடவை வராமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு.

2012-இலிருந்து தமிழ்நாடு முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது, அடையாறு நிலையத்தின் பொறுப்பில். கழுத்து மென்திசுப் புற்று அதில் சி49.0 என்ற எண்ணில் போய் உட்காரும். சாதுக் கட்டிகளுக்கு அங்கே இடமில்லை. பிடரி லிப்போமாவுக்கும் ஷ்வானோமாவுக்கும் இந்த மாவட்டத்தில் கணக்கே கிடையாது. என்னைப் போன்றவர்களின் ரிஜிஸ்டரில் கிடப்பதுதான்.

*

பிளாக். நோயாளிக்குத் தெரியாத, தெரிந்தாக வேண்டிய சொத்து.

சதைத் துண்டை ஆல்கஹாலில் படிப்படியாக நீர் நீக்கி, சைலீனில் போட்டு, அறுபது டிகிரிக்குப் பக்கத்தில் உருகிய பாரஃபின் மெழுகில் ஊறவைத்து, ஆறியதும் அது கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மெழுகுக் கட்டியாகும். மைக்ரோடோமில் அதிலிருந்து நாலு மைக்ரான் கனத்தில் சீவுவோம். தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் எடுத்து, ஸ்லைடில் ஏந்திச் சாயம் போடுவோம். ஒரு சீவலுக்குப் பிறகும் பிளாக் அப்படியே இருக்கும். பல வருஷம் கெடாது. பெரிய ஆஸ்பத்திரியில் இம்யூனோ சாயம் போடவும், எக்ஸ், 18 குரோமோசோம்களுக்கிடையிலான இடமாற்றம் பார்த்து சைனோவியல் சார்கோமாவை உறுதி செய்யவும் வேண்டியது அந்த மெழுகுத் துண்டுதான். இதை எடுத்துப் போகாமல் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப்போய், அங்கே மறுபடி கழுத்தில் ஊசி குத்திக்கொள்கிறார்கள்.

கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தருவார்கள். எண் சரியாக இருக்கிறதா, ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று கவுண்டரிலேயே பாருங்கள். கண்ணாடி ஸ்லைடைத் தனியாகப் பஞ்சு வைத்துச் சுற்றுங்கள். பிளாக்கைச் சட்டைப் பையில் வைக்கலாம், கைப்பையில் வைக்கலாம். ஏப்ரல், மே மாதத்தில் தொப்பூர் கணவாய் இறங்கும் வேனின் டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள்.